கரிசல் மண்ணில் சாய்ந்த கற்கள்: டெக்சஸில் ஒரு பழைய கல்லறைத்தோட்டத்தை மீட்பது எப்படி

முதல் சனிக்கிழமை பன்னிரண்டு பேர் போனோம். ரம்பம், மண்வெட்டி, புல்வெட்டும் இயந்திரம், இரண்டு பெட்டி டோனட், நிறைய உற்சாகம். உள்ளே கால் வைத்ததுமே வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள் தடுக்கின. சில தேங்காய் அளவு, சில தலையணை அளவு. மெஷினின் பிளேடு உடைந்துவிடுமே என்று எட்டுக் கற்களைப் பொறுக்கி வேலியோரம் அழகாகக் குவித்தோம். மத்தியானம் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வரலாற்றுக் குழுவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். குவியலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"இதெல்லாம் எங்கே இருந்துச்சு?"

யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. எட்டும் எட்டுப் பேருடைய தலைக்கற்கள்.

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். டெக்சஸை மனதில் வைத்து எழுதினாலும், சட்டப் பிரிவுகளை மட்டும் மாற்றிக்கொண்டால் அமெரிக்காவின் மற்ற மாநிலங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். டாலஸுக்கு வடக்கே பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் இன்று தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். 1841-இல் இதே பகுதியில்தான், அப்போது தனி நாடாக இருந்த டெக்சஸ் குடியரசு, பீட்டர்ஸ் காலனி என்ற குடியேற்றத்துக்கு ஒப்பந்தம் போட்டது. குடும்பத்தோடு வந்தவருக்கு 640 ஏக்கர், தனியாளாக வந்தவருக்கு 320. அப்போது குடியேற்றத்தின் எல்லையே இதுதான். பிரசவத்திலும் காய்ச்சலிலும் இறந்தவர்களைப் பண்ணையின் ஒரு மேட்டில் புதைத்தார்கள். பிள்ளைகள் வேறு ஊருக்குப் போனார்கள், பண்ணை கைமாறியது, பிறகு அதே பண்ணை வீட்டுமனையானது. அதனால்தான் இங்கே இரண்டு தெருக்களுக்கு நடுவில், யாருடைய கொல்லைப்புற வேலியையோ ஒட்டி, திடீரென்று பத்துப் பதினைந்து பழைய கற்கள் நிற்கும்.

மண்ணும் முக்கியம். இது பிளாக்லாண்ட் பிரெய்ரி. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரியே மழையில் ஊதி, வெயிலில் வெடிக்கும் கறுப்பு மண். ஆகஸ்டில் வெடிப்புக்குள் கையை விடலாம். நூற்றைம்பது வருடமாக இப்படி மூச்சு வாங்கி விடுகிற மண்மேல் நிற்கிற கல் சாயாமல் என்ன செய்யும்? சாய்ந்த கல்லையெல்லாம் யாரோ தள்ளிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தள்ளிவிடுவதும் உண்டு. மாடு வந்து முதுகு தேய்க்கும், காட்டுப்பன்றி குழி பறிக்கும். ஆனால் முதல் குற்றவாளி மண்தான்.

முதலில் காகித வேலை

நிலம் யாருடையது என்று தெரியாமல் ஒரு புல்லைக்கூடத் தொடாதீர்கள். கவுண்டியின் வரிமதிப்பீட்டு அலுவலக இணையதளத்தில் வரைபடம் இருக்கும். பழைய பத்திரங்கள் கவுண்டி கிளார்க்கிடம் கிடைக்கும். பத்திரத்தில் "கல்லறைத்தோட்டத்துக்காக ஒரு ஏக்கர் நீங்கலாக" என்பதுபோல் ஒரு வரி இருந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

டெக்சஸ் சுகாதாரச் சட்டத்தின் 711-ஆம் அத்தியாயம் கல்லறைத்தோட்டங்களைப் பற்றியது. அதிலிருந்து மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கல்லறைத்தோட்டம் என்று ஆகிவிட்ட நிலத்தை, சட்டப்படி அந்த நிலை நீங்கும்வரை வேறெதற்கும் பயன்படுத்த முடியாது. சுற்றிலும் தனியார் நிலமாக இருந்தாலும், பார்க்க வருகிறவர்களுக்கு நியாயமான நேரத்தில் வழிவிட வேண்டும். பதிவில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தால் கவுண்டி கிளார்க்கிடம் 10 நாளுக்குள் அறிவிப்புத் தாக்கல் செய்ய வேண்டும்.

சட்டம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக நிலத்துக்காரரிடம் சட்டம் பேசக் கூடாது. போய்க் கதவைத் தட்டுங்கள், திறந்த கேட்டைத் திரும்ப மூடுவோம் என்று சொல்லுங்கள், வரும் நாளை முன்கூட்டியே தெரிவியுங்கள். அனுமதி எழுத்தில் இருக்கட்டும். டெக்சஸின் 254 கவுண்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வரலாற்றுக் குழு உண்டு. அவர்களை முதல் நாளே கூப்பிடுங்கள். நாங்கள் மத்தியானம் கூப்பிட்டோம்.

50 ஆண்டுக்கு மேல் பழைய இடமென்றால் டெக்சஸ் வரலாற்று ஆணையத்தின் "வரலாற்றுக் கல்லறைத்தோட்டம்" என்ற அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். 1998 முதல் இருக்கும் திட்டம். இதனால் பணம் வராது. ஆனால் இடத்தின் எல்லை நிலப்பதிவில் ஏறிவிடும். நாளைக்கு நிலம் வாங்கும் பில்டர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், நூறு கல்லைக் கழுவுவதைவிட இந்த ஒரு காகிதம் பெரிது.

இலை உதிர்ந்த பிறகு போய்ப் பாருங்கள்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம். புல் படுத்திருக்கும், பாம்பு ஒடுங்கியிருக்கும், காலை வெயில் சாய்வாக விழுந்து தரையின் மேடுபள்ளத்தைக் காட்டும். முதல் இரண்டு தடவை கையில் கேமராவும் நோட்டும் மட்டும் போதும். எதையும் நகர்த்தக் கூடாது.

கிறிஸ்தவக் கல்லறைகள் பெரும்பாலும் தலை மேற்கே, கால் கிழக்கே இருக்கும். உயிர்த்தெழும் நாளில் எழுந்தால் சூரியனைப் பார்க்க வேண்டும் என்ற நம்பிக்கை. எனவே கிழக்குமேற்காக நீண்ட, ஆள் நீளப் பள்ளங்களைத் தேடுங்கள். ஒரு கல் கிடைத்தால், அதற்குக் கிழக்கே ஐந்தாறு அடியில் சின்னதாக இன்னொன்று இருக்கிறதா பாருங்கள். அது கால்கல். இடைவெளி இரண்டடிதான் என்றால் குழந்தை.

செடிகள் சொல்லும் சாட்சியும் உண்டு. காட்டுக்கு நடுவில் வரிசையாக ஐரிஸ் பூத்தால் யாரோ நட்டது. இங்கே ஒரு வகை வெள்ளை ஐரிஸுக்குப் பெயரே "கல்லறை வெள்ளை". தரையில் படரும் விங்காவும் அப்படித்தான். நம் நித்தியகல்யாணியின் ஒன்றுவிட்ட உறவு அது. நித்தியகல்யாணியை நம்மூரில் சுடுகாட்டு மல்லி என்பார்கள். கடல் தாண்டியும் அந்தக் குடும்பத்துக்கு அதே வேலைதான் போலிருக்கிறது.

இனி எங்கள் எட்டுக் கற்களுக்கு வருகிறேன். இந்தப் பக்கத்துக்கு ரயில் 1872-ஐ ஒட்டித்தான் வந்தது. அதற்கு முன் சலவைக்கல் வேண்டுமென்றால் மாட்டுவண்டியில் வர வேண்டும். வசதி இல்லாதவர்கள் போடார்க் என்கிற கெட்டி மரத்தில் ஒரு கட்டையை நட்டார்கள், அல்லது ஓடைக்கரையிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெயர் எழுதவில்லை. யார் என்று ஊருக்கே தெரியும், எழுதுவானேன்? கட்டை மக்கிப்போனது. கல் மட்டும் கிடந்தது, நாங்கள் வரும்வரை. பழைய கல்லறைத்தோட்டத்தில் "சும்மா கிடக்கிற கல்" என்று ஒன்று கிடையாது.

வேலிக்கு வெளியேயும் பாருங்கள். அடிமைகளாக இருந்தவர்களைத் தனி ஓரத்திலோ, வேறு இடத்திலோ புதைப்பது வழக்கம். அவர்கள் பகுதியில் கல்லே இல்லாமல் போவதும் சகஜம். டாலஸில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் கல்லறைத்தோட்டத்தின் ஒரு பகுதிமேல் நெடுஞ்சாலையே போட்டுவிட்டார்கள். 1990-களில் சாலையை அகலப்படுத்தும்போது 1,100-க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்களை எடுத்து மறு அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. ஹூஸ்டனுக்கு அருகே சுகர் லேண்டில் 2018-இல் பள்ளிக் கட்டுமானத்துக்குத் தோண்டிய இடத்தில் 95 பேர் கிடைத்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாக வாடகைக்கு விடப்பட்ட கறுப்பினக் கைதிகள். அங்கே பழைய கல்லறைகள் இருக்கக்கூடும் என்று ரெஜினால்ட் மூர் என்பவர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

வரைபடம் போடுவது

செல்போன் ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள். அது மூன்று நான்கு மீட்டர் தள்ளிக் காட்டும். ஒரு கல்லறையின் அகலமே ஒரு மீட்டர்தான். கொத்தனார் முறையே மேல். அசையாத இரண்டு இடங்களை, கேட் தூண், மூலைக் கம்பம் என்று பிடித்துக்கொண்டு நடுவில் நூல் கட்டி, அதிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் நாடாவால் அளக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், நான்கு பக்கமும் படம், கல்லின் உயரம் அகலம் தடிமன், எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வு. எண்ணைக் கல்மேல் எழுதாதீர்கள். அலுமினியச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் குத்துங்கள்.

அன்று எங்களைக் காப்பாற்றியது ஒரு பத்து வயதுப் பெண். காலையில் வந்ததும் பூக்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் படங்களின் பின்னணியில் ஐந்து கற்கள் அவற்றின் இடத்தில் தெரிந்தன. மர நிழலை வைத்து, வேலிக் கம்பத்தை எண்ணி, ஐந்தையும் திரும்ப வைத்தோம். மூன்று பாக்கி.

மங்கிய எழுத்தைப் படிக்க மாவு, சாக்பீஸ், ஷேவிங் கிரீம் எதையும் பூசாதீர்கள். இணையத்தில் இன்னும் அந்த யோசனைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஷேவிங் கிரீமில் இருப்பது கல்லின் நுண்துளைக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஓர் ஆளுயரக் கண்ணாடி போதும். ஒருவர் பக்கவாட்டில் நின்று வெயிலைக் கல்மேல் சாய்வாக அடித்தால் இல்லாத எழுத்தெல்லாம் எழுந்து வரும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாதி கரைந்த சோப்புக் கட்டி மாதிரி ஒரு பொம்மை உட்கார்ந்திருந்த சின்னக் கல். ஒளி விழுந்ததும் அது ஆட்டுக்குட்டி. குழந்தையின் கல்லறை என்று அர்த்தம். கீழே இறந்த தேதியும், "வயது 1 ஆண்டு, 3 மாதம், 11 நாள்" என்றும் இருந்தது. அந்தக் காலத்துக் கற்களில் பிறந்த தேதி பல சமயம் இருக்காது. நாம்தான் கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர்களைத் தேட: டெக்சஸில் மாநில அளவில் இறப்புப் பதிவு 1903-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தையவர்களுக்குக் குடும்ப பைபிளின் முன்பக்கம், தேவாலயப் பதிவு, பழைய செய்தித்தாள் இவைதான் கதி. 1850 முதல் 1880 வரை நான்கு கணக்கெடுப்புகளில், அதற்கு முந்தைய ஓராண்டில் இறந்தவர்களின் தனிப் பட்டியல் உண்டு. வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் இணையக் காப்பகத்தில் பழைய நாளிதழ்களை இலவசமாகத் தேடலாம்.

செடி கொடி

ஒரே நாளில் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசைதான் எதிரி. கல்லைச் சுற்றி ஓரடிக்குக் கைக்கத்தரிதான். நைலான் நரம்பு சுழலும் மெஷின் சலவைக்கல்லின் அடியில் ரம்பம் போட்ட மாதிரி வரி இழுத்துவிடும். களைக்கொல்லியும் கல்லருகே வேண்டாம், அதிலுள்ள உப்பு கல்லுக்குள் ஏறும். மரத்தை வெட்ட வேண்டியிருந்தால் தரைமட்டத்தோடு நிறுத்துங்கள். வேரைப் பிடுங்கினால் கூடவே எது வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐரிஸ், விங்கா, பழைய ரோஜா எல்லாம் இருக்கட்டும். கைவிடப்பட்ட கல்லறைகளில் பிழைத்துக் கிடக்கும் பழங்கால ரோஜா வகைகளைத் தேடிப்பிடித்துக் கொம்பு வெட்டி வளர்க்கும் ஒரு கூட்டமே டெக்சஸில் இருக்கிறது.

முழுக்கைச் சட்டை, பூட்ஸ், கையுறை கட்டாயம். விஷ ஐவி, நெருப்பெறும்பு, காப்பர்ஹெட் பாம்பு மூன்றுமே இங்கே உண்டு. விழுந்து கிடக்கும் கல்லுக்கு அடியில் விரலை நுழைக்காதீர்கள்.

கல்லைக் கழுவுவது

எல்லோருக்கும் பிடித்த வேலை, எல்லோரும் கெடுக்கிற வேலை. நம்மூரில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்துப் பளபளவென்று ஆக்குவோம். அந்தக் கை இங்கே வந்ததும் பரபரக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும். இங்கே கல்தான் ஆவணம்.

சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அடிப்படையில் கால்சியம் கார்பனேட். வினிகர், எலுமிச்சை, எந்த அமிலம் பட்டாலும் கரையும். பிளீச் அமிலமில்லையே என்பார்கள். அது காய்ந்ததும் உப்பை விட்டுப்போகும். ஒவ்வொரு மழைக்கும் அந்த உப்பு கரைந்து, மறுபடி படிகமாகி, உள்ளிருந்து கல்லைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். கழுவிய அன்று வெள்ளையாக இருக்கும், பத்து வருடத்தில் எழுத்தே இருக்காது. கம்பி பிரஷ், பிரஷர் வாஷர், டிரில்லில் மாட்டும் பிரஷ் எதுவும் ஆகாது.

முதலில் கல் தாங்குமா என்று பாருங்கள். விரல்கணுவால் மெல்லத் தட்டினால் டொக் என்று பொள்ளலாகக் கேட்கிறதா? தடவினால் சர்க்கரை மாதிரி உதிர்கிறதா? அப்படியானால் விட்டுவிடுங்கள், பாசியோடு இருக்கட்டும்.

தாங்கும் என்றால் இப்படி: சுத்தமான தண்ணீரில் கல்லை நன்றாக நனையுங்கள். பாசியை மர ஸ்பேட்டுலாவால் மெல்ல நீக்குங்கள். மென்மையான நைலான் அல்லது இயற்கை நார் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த இடத்தில் கோடாக இறங்கிக் கறை போடும். பல கற்களுக்குத் தண்ணீரே போதும். போதவில்லை என்றால் டி-டூ (D/2) என்கிற, பாசியைக் கொல்லும் திரவம். ராணுவ வீரர்களின் தேசியக் கல்லறைத்தோட்டங்களிலேயே பயன்படுத்துவது. தெளித்து 10–15 நிமிடம் ஈரம் காயாமல் வைத்திருந்து, தேய்த்து, நன்றாக அலசுங்கள். உடனே வெளுக்கவில்லையே என்று இரண்டாம் தடவை ஊற்றாதீர்கள். அது வாரக்கணக்கில் தானாக வேலை செய்யும். மார்ச்சில் சாம்பலாக விட்டுப்போன கல் ஜூனில் வெண்ணிறமாக நிற்கும்.

உறைபனி வரக்கூடிய நாளில் கழுவக் கூடாது. அப்புறம், தண்ணீர்! இந்த இடங்களில் குழாய் இருக்காது. ஒரு கல்லுக்குக் குறைந்தது இருபது லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டு வண்டியில் ஏற்றுங்கள். கழுவிய கல்லை அதன்பின் பல ஆண்டுகளுக்குத் தொட வேண்டாம்.

சாய்ந்த கல்லை நிமிர்த்துவது

கொஞ்சம் சாய்ந்திருப்பது குற்றமில்லை. விழப்போகிறது, யார்மேலாவது விழும் என்ற நிலையில் இருந்தால் மட்டும் தொடுங்கள். 120 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 5 தடிமனுள்ள சலவைக்கல் பலகை பார்க்க ஒல்லியாக இருக்கும். எடை எண்பது கிலோ. இரண்டு பேருக்குக் குறைவாகத் தொடாதீர்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

மண் ஈரப்பதமாக இருக்கும், ஆனால் சொதசொதப்பில்லாத நாளில் வேலையை வையுங்கள். கல்லை ஒட்டி, அதன் அடிவரை மட்டும் கையால் தோண்டுங்கள், அதற்குக் கீழே போகாதீர்கள். நெம்புவதற்கு மரப்பலகைதான், கடப்பாரை வேண்டாம். வெளியே எடுத்ததும் கீழ்ப்பகுதியில் மண் கறை எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். முன்னே எவ்வளவு ஆழத்தில் நின்றது என்பதற்கு அதுவே கோடு. குழியின் அடியில் பொடி ஜல்லி போட்டுக் கெட்டித்து, கல்லை நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, சுற்றிலும் ஜல்லியும் கரடுமணலும் நாலைந்து விரற்கடை உயரத்துக்கு ஒரு அடுக்காக இட்டு இடித்துக்கொண்டே வாருங்கள். கரிசல் ஊதும்போது ஜல்லி நெகிழ்ந்து கொடுக்கும், தண்ணீரும் தேங்காது.

சிமெண்ட் ஊற்றாதீர்கள். "உறுதியாக நிற்குமே" என்று எல்லா ஊரிலும் ஒருவர் கட்டாயம் சொல்வார். சிமெண்ட் பழைய கல்லைவிடக் கடினம். மண் அசையும்போது சிமெண்ட் உடையாது, கல்தான் உடையும். பீடத்தில் பூச வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் காரைதான் சரி.

உடைந்த கல்லை ஒட்டும் வேலையை நாங்கள் செய்வதில்லை. துண்டுகளைச் சேர்த்துப் படமெடுத்து, எண் போட்டு, பயிற்சி பெற்றவர் வரும்வரை ஜல்லிப் படுக்கையில் வைத்திருக்கிறோம். இரும்புக் கம்பியும் பட்டையும் வைத்து முன்பு யாரோ ஒட்டிய கற்கள் துரு ஊதி மறுபடி வெடித்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். எலும்போ சவப்பெட்டிக் கைப்பிடியோ தென்பட்டால் அதே நொடி வேலையை நிறுத்தி, மூடிவிட்டு, ஷெரீஃபுக்கும் வரலாற்று ஆணையத்துக்கும் சொல்ல வேண்டும்.

பெயர் இல்லாதவர்களுக்கு

வெறும் கல்லைப் பார்த்தால் ஒரு பெயர்ப்பலகை வைக்கத் தோன்றும். ஆதாரம் இல்லாமல் வைக்காதீர்கள். அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் உள்ள பூட்ஹில் கல்லறைத்தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1880-களின் நடுவில் கைவிடப்பட்டு, மரப்பலகைகள் மக்கிப்போன இடம். இருபதாம் நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் கூடி மீட்டார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இன்று சுற்றுலாப் பயணிகள் சிரித்துக்கொண்டே படமெடுக்கும் சில எதுகைமோனை வாசகங்கள் உண்மையிலேயே அங்கே இருந்தவையா என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்னும் சந்தேகப்படுகிறார்கள். எங்கள் இடத்தில் வெறும் எண் மட்டும், வரைபடத்தில் "பெயர் தெரியவில்லை" என்று ஒரு வரி. போர்வீரர் என்று ஆவணம் இருந்தால் விஷயம் வேறு. குறியில்லாத கல்லறையில் இருக்கும் தகுதியுள்ள வீரருக்கு மத்திய அரசின் முன்னாள் படைவீரர் துறை இலவசமாகக் கல் தரும், உள்நாட்டுப் போர்க்காலத்தவருக்கும்கூட.

பணமும் ஆளும்

வங்கிக் கணக்கைத் தனி ஆள் பெயரில் தொடங்காதீர்கள், ஒரு சங்கமாகப் பதிவு செய்யுங்கள். 50 ஆண்டுக்கு மேல் பழைய கல் ஒன்றாவது இருந்தால், கவுண்டி தன் பணத்தையும் ஆட்களையும் இயந்திரங்களையும் பராமரிப்புக்குத் தரலாம் என்று டெக்சஸ் சட்டம் இடம் கொடுக்கிறது. கமிஷனர்கள் கூட்டத்துக்குப் போய்க் கேட்க வேண்டும், கேட்காமல் வராது. வேலி போடச் சாரணப் பிள்ளைகளைக் கேளுங்கள், ஈகிள் ஸ்கவுட் என்ற உயர்ந்த பட்டத்துக்காக ஒரு சேவைத் திட்டம் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

ஆண்டுக்கு ஒரு நாளைப் பொதுவேலை நாளாக வையுங்கள். இது புதிய யோசனையே இல்லை. தென்மாநிலங்களில் பண்ணைக் குடும்பங்கள் கோடைக்கு முன்னால் ஒரு நாள் கூடி, களை பறித்து, மரத்தடியில் சேர்ந்து சாப்பிடுவது பழைய வழக்கம். எங்கள் நாளில் அந்தப் பழைய குடும்பங்களில் ஒன்றின் கொள்ளுப்பேத்தி, எண்பது தாண்டிய அம்மா, பீச் பை கொண்டுவருவார். எங்கள் வீட்டிலிருந்து புளியோதரை. அவருக்கு அது காரம், ஆனாலும் இரண்டாம் தடவை வாங்கிக்கொள்வார்.

மூன்று கற்களும் சீடர் மரத்தடியில் இருக்கின்றன, 6, 7, 8 என்று சீட்டுக் குத்தி. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ரேடார் கொண்டுவந்து தேடலாமே என்பார்கள். நிலத்தடி ரேடாரின் அலையைக் களிமண் விழுங்கிவிடும், கரிசலில் அது தடுமாறும். "சும்மா காலியாக இருக்கிற பள்ளத்தில் வைத்துவிட்டால் என்ன?" என்று போன வருடம் ஒரு பையன் கேட்டான். அந்தப் பெரியவர் அவன் கையில் நாடாவின் ஒரு முனையைக் கொடுத்துக் கேட் தூணருகே போய் நிற்கச் சொன்னார்.